கிழிந்தால் மறுபடி ஒட்டுவேன்

இந்த ஊரில் அலமாரித் தம்ளர்கள் தாமாகவே கடகடக்கும். பூமிக்கடியில் கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை நொறுங்கினால் மேலே வீடு ஒரு குலுங்கு குலுங்கும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த புதிதில் நான் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள்.

தொழிற்சாலை வேலைக்கு வந்த கணவரோடு பன்னிரண்டு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்தேன். எதைக் கேட்டாலும் "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்பார். தொண்ணூறுகளின் கடைசியில், அவரோடு மல்லுக்கட்டி, இங்கேயே ஊரிகத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கவைத்தேன். கூடத்துத் தரைக்கு வினைல் ஷீட் போட முனுசாமி அண்ணன் வந்தார். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பசை டப்பாவைத் திறக்கவே மாட்டேன் என்றார்.

"இன்னாம்மா, பசை எதுக்கு? பூமி ஆடுற ஊரு. சிமென்ட் விரிசல் வுட்டா ஒட்டின ஷீட்டும் கூடவே கிழியும். சும்மா விரிச்சு ஓரத்துல கட்டை அடிச்சிடறேன். அது பாட்டுக்கு இருக்கும்."

"ஒட்டுங்கண்ணே."

காசு வீணாகுமே என்று நான் கவலைப்படுவதாக நினைத்துக்கொண்டு ஆறுதல் வேறு சொன்னார். "ஒட்டாம வுட்டா, ஊருக்குப் போறப்போ சுருட்டி எடுத்துகினு போயிடலாம். ஃபேக்டரிக்காரங்க எல்லாம் அப்படித்தான்."

சுருக்கென்றது. கும்பகோணம் போனால் "கோலார்க்காரி எப்போ கிளம்புறா?" என்கிறார்கள். இங்கே "எப்போ ஊருக்கு?" என்கிறார்கள். ஆளாளுக்கு என் பையையே பார்த்தால் நான் எங்கேதான் உட்காருவது? கன்னடத்தில் சண்டை போட்டுத் தமிழில் அழுகிற என் மகளுக்கு எது ஊர்? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கிழிஞ்சா கிழியட்டும், மறுபடி ஒட்டுவேன். நான் எங்கேயும் போகலை!"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்களுக்கு நாலு தலைமுறையா போறதுக்கு வேற ஊரே இல்ல. வாங்க, ஒட்டிடலாம்" என்று மூடியை நெம்பினார்.

சாயங்காலத்துக்குள் மூலைவரை வந்துவிட்டார். அங்கே ஓர் இரும்புப் பெட்டி. கும்பகோணத்தில் வீடு கட்டினால் கதவுகளுக்கு ஆகுமென்று வாங்கிய பித்தளைக் கைப்பிடிகள் உள்ளே இருந்தன. வாங்கியது என் கணவரல்ல, நான்.

"ஒரு கை புடிங்கம்மா, நகத்திடலாம்."

அத்தனை வீறாப்புப் பேசிய நானே பெட்டிமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"அது இருக்கட்டும்ணே. சுத்தி வெட்டி ஒட்டிடுங்க."

அதற்கப்புறம் ஷீட் இரண்டு இடத்தில் கிழிந்தது. சொன்னபடி நானே ஒட்டினேன். பெட்டிக்கு அடியில் மட்டும் இன்னும் வெறும் சிமென்ட் தரை.