தடத்தை உழுத கதை

ஏரின் இரும்புக் கொழு கல்லில் இடித்தால் 'டங்' என்று ஒரு சத்தம் வரும். கல்லே இல்லாத இடத்தில் அந்தச் சத்தம் கேட்டால் பல் கூசும். ஒரு கோடையில் எங்கள் காட்டின் நடுவே அப்படித்தான் கேட்டது. காடு என்றால் புலி உலவும் காடல்ல. வானம் பார்த்த எங்கள் கடலைக்காய்க் காடு. ஏர் மண்ணில் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போக, அப்பா அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு போனார்.

ஊர் வண்டிகள் போவதற்கென்று இருபுறமும் வேலி கட்டிய 'இட்டேரி' ஒன்று உண்டு. அது சுற்று வழி. அறுவடை முடிந்த காட்டில் யாரும் நுழையலாம் என்பது வழக்கமாதலால், சேந்தமங்கலம் சந்தைக்குப் போன வண்டிகள் எல்லாம் எங்கள் காட்டைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போயின. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் ஏறி ஏறி மண் இறுகிவிட்டது. கடலைப் பூ உதிர்ந்தபின் காம்பு ஊசிபோல் மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். அந்த இறுகிய மண்ணில் ஊசி எங்கே இறங்க? மேலே செடி பச்சைப் பசேலென்று இருந்தது, என் பள்ளிப் படிப்பைப் போல. பிடுங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஊர் மணியக்காரர். அந்த வருஷம் அந்த வண்டித் தடத்தை நிரந்தர ஊர்த்தடமாக்கிவிடப்போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் எங்களுக்கிருந்த ஒரே காடு இரண்டு துண்டு. அப்பாவுக்கு யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்ல வராது. அவரிடமிருந்து எனக்குக் குறைவின்றி வந்த சொத்து அதுதான். அம்மாவுக்கு அந்தச் சொல் மட்டும் தண்ணீர்பட்ட பாடு.

அப்போது ஊருக்குள் ஆட்டுக்காரர் ஒருவர் பட்டி கொண்டு வந்திருந்தார். ராத்திரி ஒரு காட்டில் ஆடுகளை அடைத்தால் அவற்றின் புழுக்கையும் மூத்திரமும் அந்தக் காட்டுக்கு எரு. அம்மா பட்டியைத் தடத்தின் மேலேயே போடச் சொன்னாள்; பகலில் ஆடுகள் மேயப் போனபோதும் அடைப்புப் படலை எடுக்க விடவில்லை.

"ஒரே எடத்துல எத்தன நாளைக்குங்க அம்மிணி? ஆட்டுக்கே சலிச்சுப்போச்சுங்க" என்றார் ஆட்டுக்காரர்.

"மழை பெய்யற மட்டுக்கும் இருக்கட்டுமுங்க."

சந்தையன்று மணியக்காரர் வண்டியோடு வந்து நின்றார். "ஊருக்கு ஒரு தடம் உட்டா உம்பட காடு என்ன கரைஞ்சா போயிரும்?"

"கரையலீங்க மாமா, கல்லாப் போச்சுங்க. அவசரம்னா பட்டியக் கலைச்சுப்போட்டுப் போங்க. அப்பறம் உங்க காட்டுக்கு எந்தப் பட்டி வருதுன்னு பாக்கலாமுங்க" என்றாள் அம்மா.

ஆட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒருவருடைய பட்டியைக் கலைத்தவர் காட்டில் வேறெந்தப் பட்டியும் இறங்காது. மணியக்காரருக்கோ ஊரிலேயே அதிகக் காடு. அவர் வண்டி இட்டேரிப் பக்கம் திரும்பியது. பின்னால் வந்த வண்டிகளும் திரும்பின.

மழை பெய்த மறுநாளே அப்பா ஏர் பூட்டினார். அம்மா ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிக் காட்டினாள். "இந்த ஈரத்துல உழுதா நாளைக்குச் செங்கல்லுதான். அவுத்துக் கட்டுங்க." மண் கைக்குள் உதிரும் பதம் வந்த பிறகே விட்டாள். நெடுக்கே ஒரு சால், குறுக்கே ஒரு சால் என்று மாற்றி மாற்றி உழுதோம். கட்டி உடைக்கப் பலகை இழுத்தபோது என்னை அதன் மேல் உட்கார வைத்தார்கள். நான் வகித்த முதல் உத்தியோகம் அது: பாரம். அதற்கும் எடை போதவில்லை என்று பக்கத்தில் ஒரு கல்லை வைத்தாள் அம்மா.

அந்த வருஷம் கொடியைப் பிடுங்கியபோது பாதி மண்ணோடு கொத்துக் கொத்தாகக் காய் வந்தது. மணியக்காரர் வீட்டுக்கு ஒரு முறம் கடலை அனுப்பினாள் அம்மா. வறுத்தே அனுப்பினாள், சாப்பிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கக்கூடாதென்று.

இன்று அந்தப் பக்கம் மாட்டு வண்டி இல்லை, பட்டி இல்லை, இட்டேரியும் தார் ரோடாகிவிட்டது. என் வயதுக்காரர்கள் தொலைந்தவற்றை எண்ணிக் கட்டுரைக்குக் கட்டுரை உருகுகிறார்கள். எங்கள் காட்டில் அந்தத் தடம் எங்கே இருந்தது என்று போன மாதம் தேடிப் பார்த்தேன். காலால் உதைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்காக நான் உருகப்போவதில்லை. அது தானாகத் தொலையவில்லை, நாங்கள்தான் தொலைத்தோம்.