போணி ஆகாத காலை

திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் கீழே ‘கடையின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்றொரு வரி. வரியை எழுதியவன் நான். வட்டத்தைச் சுற்ற வைத்தவள் என் கூட்டாளி. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, பூக்கடைகளில் கைப்பேசி வழியாக மாலை சொல்லிவைக்க நாங்கள் இருவரும் ஒரு செயலி செய்தோம். நிரல் எழுதுவது அவள் பொறுப்பு, கடைக்காரர்களைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு. சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் என் அப்பாவுக்கு மளிகைக் கடை இருந்ததால், கடைக்காரர்களின் மனசு எனக்கு அத்துப்படி என்று அவள் நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அவள் ஆங் மோ கியோவிலிருந்து வருவாள். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக நடப்பாள். மாணவர் தொழில்முனைவு நிதி கிடைத்தால் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைத்து இதிலேயே இறங்கலாம், கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிவிட்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். அவள் அப்பாவோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. எனக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. கிடைத்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

தேர்வுக் குழுவின் முன் காலை ஒன்பது மணிக்கு எங்கள் முறை. குழுவில் ஒருவர் செயலியில் ஒரு மாலை கேட்க வேண்டும், சந்துக்குள் கடை வைத்திருந்த பூக்கார அக்கா தன் கைப்பேசியில் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். குழுவிலிருந்தவர் மாலை கேட்டார். வட்டம் சுற்றியது. ஒரு நிமிடம் போனதும் என் கூட்டாளி எல்லோருக்கும் கேட்கும்படி அக்காவை அழைத்தாள்.

“அக்கா, ஆர்டர் வந்திருக்கு பாருங்க. பச்சை பட்டன அமுக்குங்க லா.”

“வந்துச்சும்மா, பாத்தேன். இன்னும் போணி ஆகலியே. மொத வியாபாரம் கைல வாங்கணும். யாராச்சும் நேர்ல வரட்டும், ஒடனே அமுக்குறேன்.”

குழுவினர் சிரித்தார்கள். நல்ல மாதிரியான சிரிப்புதான். “வடிவமைச்சது நான்தான், இதை நான் யோசிச்சிருக்கணும்” என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

உண்மையில் முந்தின நாளே அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். “காலைல வந்து ஒரு மொழம் வாங்கிட்டுப் போயிடு தம்பி. போணி ஆகாம ஃபோன்ல வர்றத எடுக்க மாட்டேன்.” சரிக்கா என்றேன். மறுநாள் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டேன். பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். அதற்குள் எவராவது வாங்கியிருப்பார் என்று நினைத்து நேராக ரயில் ஏறிவிட்டேன். நிதி கிடைக்கவில்லை. அவள் மறுவாரமே தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாள்.

இப்போது அவள் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் நல்ல பதவியில் இருக்கிறாள். நான் மாணவர்களுக்குத் தொழில்முனைவு கற்பிக்கிறேன். வேடிக்கைதான். ஒவ்வொரு பருவமும் முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்வேன். வாடிக்கையாளரின் பழக்கத்தை அறியாமல் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோனால் இப்படித்தான் ஆகும் என்று முடிப்பேன். பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள்.

இந்த ஆண்டு அவளைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து கதையை முழுசாகக் கேட்டாள். பிறகு கேன்டீனில் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “கத நல்லாருக்கு. ஆனா அக்கா உன்ன வரச் சொன்னதயும் சேத்துக்கோ. ஸ்டூடன்ட்ஸுக்கு அதுதான் யூஸ்ஃபுல்லா இருக்கும்.”

அது எப்போது தெரிந்தது என்று கேட்டேன். அன்றைக்கு மதியமே அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனாளாம். அவர் என் மேல் கோபமாக இருந்தாராம். எனக்கு முகம் சுட்டது. அவளோ பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இன்னொரு பிரிவுக்கும் அதே வகுப்பை எடுத்தேன். சொல்லலாம் என்றுதான் போனேன். பழைய கதையையே சொல்லிவிட்டு வந்தேன்.