நம்மவண்டி

தெருவில் எந்தக் கார் போனாலும் நின்று பார்ப்பார். தன் கம்பெனிக் கார் என்றால் பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் சரி, "நம்ம வண்டி" என்பார். அதனால் தெருவே அவருக்கு நம்மவண்டி என்று பெயர் வைத்துவிட்டது. கடைக்காரர் கணக்கில்கூட அப்படித்தான் எழுதினார். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

கார்த் தொழிற்சாலையில் கதவு மாட்டுவது அவருடைய வேலை. பெயிண்ட் காணாத வெறும் தகரக்கூடு லைனில் நகர்ந்து வரும். கதவைத் தூக்கிக் கீலில் பொருத்தி, போல்ட்டை முறுக்கி, சாத்திப் பார்க்க வேண்டும். முதல் தடவை எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்திக்கொள்ளாது. மேலே விரல் நுழையும், கீழே நகம் நுழையாது. அவர் கதவுக்கடியில் ஒரு மரக்கட்டையைச் செருகுவார். ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு, தோளால் ஒரு முட்டு. பிறகு சாத்தினால் பூட்டு விழும் சத்தம் மட்டும்தான் கேட்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வருடம் ஆனாலும் வராத கை அது. சூப்பர்வைசரே சில நாள், "அந்தக் கூட்டைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார். தோளில் அந்த முட்டு விழும் இடத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது.

அவர் மனைவி வீட்டிலேயே கார் சீட்டுக்குக் கவர் தைத்துக் கொடுத்தாள். உள்நாட்டுக் கார், வெளிநாட்டுக் கார் எல்லாவற்றுக்கும் தைப்பாள். வெளிநாட்டுக் கார்க் கவர் வீட்டுக்குள் கிடப்பதைப் பார்த்து அவர் முகம் சுளித்தால், "மெஷினுக்கு ஊசியும் நூலும்தாங்க தெரியும், கம்பெனி பேரெல்லாம் தெரியாது" என்பாள்.

அந்த வீட்டில் வம்புக்கு ஒரு ஆள் உண்டு. மனைவியின் தங்கை புருஷன், அவருக்குச் சகலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அக்கா தங்கை இருவரும் சமையலறையில் இருக்க, சகலைகள் இருவரும் கூடத்தில் மோதிக்கொள்வார்கள்.

"ஏன் அண்ணே, மழை பெஞ்சா உங்க வண்டிக்குள்ள குடை பிடிக்கணுமாமே. குடையும் கம்பெனியே குடுக்குதா?"

"உன் வண்டியில ஒரு பல்பு போனா கப்பல் வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும். அதுக்குள்ள மழையே நின்னுடும், போ."

இருவரும் சிரிப்பார்கள். சாப்பாட்டுக்கு உட்காரும்போது பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

சிரிப்பு குறைய ஆரம்பித்தது தொழிற்சாலையில் ஒரு ஷிப்டை நிறுத்தியபோது. விற்காத கார்கள் மதில் ஓரமாகத் தூசி படிந்து நின்றன. அவற்றைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். மேலாளர் எல்லோரையும் கூட்டிப் பேசினார். நம் ஜனங்களே வெளிநாட்டுக் காரை வாங்கினால் நம் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டார். மறுவாரமே வெளிநாட்டு வண்டியில் வருகிறவர்கள் அதை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு நடந்துவர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நம்மவண்டிக்கு அது நியாயமாகவே பட்டது. அந்த ஞாயிறு சகலை வந்தபோது அவர் கூடத்துக்கு வரவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

பிறகு தொழிற்சங்கம் தொழிற்சாலை வாசலில் ஒரு கூட்டம் போட்டது. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வெளிநாட்டுக் காரை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார்கள். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். "நம்மவண்டிகிட்ட குடுங்கப்பா" என்று யாரோ சொல்ல, ஒரு சம்மட்டி கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது. அவர் கொஞ்சம் தயங்கினார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். வேலை போனவர்கள், போகப்போகிறவர்கள். ஓங்கி முன்கண்ணாடியில் அடித்தார். கூட்டம் கத்தியது. அடுத்த அடி கதவில் விழுந்தது. அதற்கப்புறம் எத்தனை அடித்தார் என்று அவருக்கே தெரியாது. கை ஓய்ந்து நின்றபோது, பழக்க தோஷத்தில், அந்த நசுங்கின கதவைத் திறந்து ஒருமுறை சாத்திப் பார்த்தார். சிக்கென்று சாத்திக்கொண்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பத்திரிகையில் அவர் படம் வந்தது. வாயைப் பிளந்துகொண்டு, நரம்பு புடைக்க, சம்மட்டியைத் தலைக்கு மேல் ஓங்கியபடி. மனைவி அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"இது நீங்களா?"

"வேற யாரு?"

"எனக்கு அடையாளமே தெரியல."

கம்பெனி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த நாட்கள் அவை. அவை நிறைய இல்லை.

ஒருநாள் பட்டப்பகலில் ஒரு கூட்டம் சகலையின் ஷோரூம் மேல் கல் வீசியது. வந்தவர்கள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி மொத்தமாகச் சரிந்தது. உள்ளே ஒரு குடும்பத்துக்குக் காரைக் காட்டிக்கொண்டிருந்த சகலை, அவர்களுடைய குழந்தையை இழுத்துத் தன் பின்னால் தள்ளினார். ஒரு சில்லு அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது.

லைனில் நிற்கும்போதே நம்மவண்டிக்குச் செய்தி வந்துவிட்டது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வராந்தாவில் மைத்துனி நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"கண்ணு போயிடுச்சு அத்தான்."

அவர் அறைக் கதவை நோக்கி நகர்ந்தார்.

"நீங்க எறியலன்னு எனக்குத் தெரியும். ஆனா எறிஞ்சவங்கள்ல ஒருத்தன் உங்க படத்தைக் குச்சியில கட்டித் தூக்கிட்டு வந்தானாம். அவரு கடைசியா ரெண்டு கண்ணாலயும் பாத்தது அதைத்தான்." கதவை மறித்து நின்று, "இப்ப உள்ள போகாதீங்க" என்றாள்.

அவர் திரும்பி நடந்தார். 'நான் ஒரு கல்லைக்கூடத் தொடலையே' என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே சொன்னார். அவள் ஒரு பாத்திரத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அன்றிலிருந்து தங்கை வீட்டுக்கு அவள் மட்டும்தான் போய்வந்தாள்.

தொழிற்சாலை மூடியது அடுத்த வருடம். வழக்கம்போல் வேலைக்குப் போனவர்கள் வாசல் பூட்டியிருப்பதைப் பார்த்தார்கள். பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம். கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. இனி அந்தப் பெயரில் வரும் கார்கள் வெளியிலிருந்து கப்பலில் வரும். வாங்கியது, சகலை வேலை பார்த்த அதே கம்பெனி. விற்றுக் கொடுத்தவர், அடுப்பு எரியுமா என்று கேட்ட அதே மேலாளர். மதிலில் சம்மட்டிப் படம் பாதி கிழிந்து தொங்கியது. அன்று யாரும் கத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஏறாத படியில்லை. மெக்கானிக் கடை, கிடங்கு, பஸ் டெப்போ. எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது, அதுதான் வினை. "அடடே, சம்மட்டி அண்ணனா" என்று உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். வேலை கொடுக்க யாருக்கும் தைரியமில்லை. எந்த ஒர்க்ஷாப்பில் வெளிநாட்டுக் கார் நிற்காமல் இருக்கிறது?

கடைசியில், வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த வேறொரு வெளிநாட்டுக் கம்பெனியின் தொழிற்சாலைக்கே போனார். வேலைக்கு எடுக்கும் முன் ஒரு கதவை மாட்டிக் காட்டச் சொன்னார்கள். கூட்டைச் சுற்றிவந்து பார்த்தார். கதவைத் தூக்கிக் கீலில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரிடம், "மரக்கட்டையும் ரப்பர் சுத்தியலும் வேணுமே" என்றார்.

சூப்பர்வைசர் இளைஞர், மரியாதையான மனிதர். "எதுக்கு சார்?" என்று கேட்டார்.

"கதவைச் சரிபண்ண."

"கதவு சரியாத்தான் இருக்கு. போல்ட்டை மட்டும் முறுக்குங்க."

முறுக்கினார். சாத்தினார். பூட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். மேலும் கீழும் ஒரே இடைவெளி. தட்டவில்லை, முட்டவில்லை. திறந்து இன்னொரு தடவை சாத்தினார். நேற்று வந்தவன் மாட்டினாலும் அது அப்படித்தான் சாத்தியிருக்கும். இத்தனை காலம் தன் கைத்திறமை என்று எதை நினைத்திருந்தாரோ, அது கோணலாக வந்த கூட்டை நேராக்குகிற வேலை மட்டும்தான் என்று அந்தக் கதவு அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது.

"நல்லா மாட்டினீங்க" என்றார் சூப்பர்வைசர். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்க. உங்க படத்தை இங்க எல்லாரும் பாத்திருக்காங்க. லைன்ல உங்க பக்கத்துல நிக்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். மத்தியானம் ஆனால் நெடுஞ்சாலை மேம்பாலத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் வண்டிகளைப் பார்த்தபடி நிற்பார். எந்த வண்டி என்று யாரிடமும் சொல்வதில்லை. ஒருநாள் அவர் கம்பிக்கு மேல் அளவுக்கதிகமாகக் குனிந்திருந்தபோது சட்டையை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். திரும்பினால் மனைவி. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது.

"வீட்டுக்கு வாங்க."

"நீ போ. நான் வர்றேன்."

"கவர் வெட்ட ஒத்தாசைக்கு ஆளில்ல. வந்து துணியைப் பிடிங்க." சட்டையை விடவில்லை அவள். வீடு வந்து சேரும் வரை விடவில்லை.

அந்த வாரம் அவளே சொன்னாள். "தங்கச்சி வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்க. துறைமுகத்துல அவருக்கு ஆளு தெரியும்."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

"இருக்கற மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான்."

போனார். மைத்துனி கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, ஒதுங்கிக்கொண்டாள். சகலை கறுப்புக் கண்ணாடியுடன் வந்து எதிரில் உட்கார்ந்தார். நன்றாக இளைத்திருந்தார். கண் போனபின் ஷோரூமில் அவரை வாடிக்கையாளர்கள் கண்ணில் படாமல் பின்னறைக்கு மாற்றியிருந்தார்கள்.

"சொல்லுங்க அண்ணே."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. "எங்கயாச்சும் ஒரு வேலை இருந்தா" என்றார்.

சகலை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க வாசல்ல நிக்கறீங்கன்னு அவ வந்து சொன்னப்ப, மன்னிப்புக் கேக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். "வேலை கேக்க வந்திருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்டால் வேலைக்காகக் கேட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. கேட்காவிட்டால் கல்நெஞ்சன் என்று ஆகும். கேட்கவில்லை. சகலை எழுந்துபோய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்து, "திங்கக்கிழமை துறைமுகம் மூணாவது கேட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

வேலை என்னவென்றால், கப்பலில் வந்து இறங்கும் புதுக் கார்களை ஓட்டி வந்து திடலில் வரிசையாக நிறுத்துவது. கப்பலின் வயிற்றிலிருந்து சரிவில் இறங்கி, திடலில் விட்டுவிட்டு, வேனில் ஏறித் திரும்பக் கப்பலுக்குள். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் மனைவியோடு உட்கார்ந்து கவர் வெட்டுவது. சீட்டில் பாலித்தீன் உறை கசகசக்கும். ஒவ்வொரு காரும் அவர் கையில் இருப்பது ஒரு பாட்டு முடியும் நேரம்கூட இல்லை. ரேடியோவைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இறங்கும்போது கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்.

சகலையின் வலது கண்ணும் மங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அடிபட்ட கண்ணால் நல்ல கண்ணுக்கும் கேடு வரலாம் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தாராம். காரை ஓட்ட முடியாமல் போயிற்று. மைத்துனிக்கு ஓட்டத் தெரியாது. ஒருநாள் அவளே போன் செய்தாள். "அத்தான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வர்றீங்களா?"

அப்படித்தான் மாதாமாதம் சகலையின் காரை அவர் ஓட்டும்படி ஆயிற்று. சகலை பக்கத்து சீட்டில் உட்காருவார், மைத்துனி பின்னால் உட்காருவாள். பேச்சு இருக்காது. ஒருநாள் சிக்னலில் நின்றபோது சகலை முன்பக்கம் சாய்ந்து கண்ணைச் சுருக்கினார். ஒருகாலத்தில் தூரத்தில் வரும் காரை விளக்கை மட்டும் பார்த்தே எந்த வருடத்து வண்டி என்று சொன்னவர்.

"முன்னால நிக்கறது என்ன வண்டி அண்ணே?"

சொன்னார். கம்பெனி, மாடல், நிறம், பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த குழந்தைப் படம் வரைக்கும்.

"அதுக்குப் பக்கத்துல?"

அதையும் சொன்னார். பச்சை விழுந்த பிறகும் சகலை கேட்டுக்கொண்டே வந்தார், இவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் பேச்சு நின்றது. இறங்கிச் சுற்றிவந்து சகலையின் கையைப் பிடித்து இறக்கினார். படியருகே வந்ததும், "சகலை" என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க."

"படி இருக்கு. பாத்து."

உள்ளே டாக்டர் வெகுநேரம் விளக்கை அடித்துப் பார்த்தார். இனி மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். மைத்துனி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சகலை தலையை மட்டும் ஆட்டினார். நம்மவண்டி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, நர்ஸ் நீட்டிய சொட்டுமருந்தை வாங்கி, எந்த வேளைக்கு எத்தனை சொட்டு என்று கேட்டு வைத்துக்கொண்டார்.