லாரி ஓட்டியவரைப் பற்றி ஒரு வரி

செகினே ஷிகெருவுக்கு அறுபது தாண்டிவிட்டது. எங்கள் டிப்போவில் லாரி ஓட்டுகிறவர்களில் அவர்தான் மூத்தவர். அச்சகத்திலிருந்து வரும் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக ஜப்பானின் சைதாமா மாகாணத்துக் கடைகளில் கொண்டுபோய் இறக்குவார். எந்த லாரி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று வாராவாரம் போட்டுக் கொடுப்பது என் வேலை. பெயரளவில் நான் அவருக்கு மேலதிகாரி. ஆனால் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும், டிப்போவில் யாராவது குரல் உயர்த்தினால் நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேனோ என்று எனக்கு இன்னும் தோன்றும். செகினேவுக்கு என்மேல் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. மரியாதை இருந்தது. அது எல்லோர்மேலும் இருந்தது.

மாதந்தோறும் பதினான்காம் தேதி அவருக்கு விடுப்பு. அன்று கறுப்பு கோட்டு அணிந்து, ரயிலிலும் பஸ்ஸிலுமாக அதே மாகாணத்தில் இருக்கும் கியோதா ஊருக்குப் போவார். அங்கே கமோஷிதா என்ற குடும்பத்தின் வீட்டு வாசலில் நின்று, தலைகுனிந்து, "ஊதுபத்தி ஏற்ற அனுமதி கொடுங்கள்" என்று கேட்பார். கதவு பாதி திறக்கும். ஒரு பெரியவர், "போயிட்டு வாங்க" என்று சொல்லி மூடிவிடுவார். செகினே திரும்பி வருவார். பன்னிரண்டு வருடமாக இதுதான் நடந்தது.

அந்த வீட்டுப் பிள்ளை ரியோஹெய் இறந்த தேதி அது. செகினே அப்போது வேறு கம்பெனியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு திருப்பத்தில் லாரியை இடப்பக்கம் ஒடித்தபோது, கண்ணாடியில் தெரியாத இடத்தில் அந்தப் பிள்ளை சைக்கிளில் இருந்தான். கோர்ட் தண்டனையை நிறுத்தி வைத்தது. லைசென்ஸ் சில வருடம் போனது. வேறு எந்த வேலையும் நிலைக்காமல், கடைசியில் எங்களிடம் வந்து மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். இப்போதும் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தி, விரலை நீட்டி, "இடப்பக்கம், ஆள் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் திருப்புவார். எல்லா டிரைவர்களும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. செகினே கழிப்பறைக்குப் போகும் நடையில் திரும்பும்போதும் சொல்லுவார்.

அவர் செய்த இன்னொரு தவறும் உண்டு. கோர்ட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

ரியோஹெய்யின் பையில் ஒரு புத்தகம் இருந்ததாக விசாரணையில் சொன்னார்கள். 'செத்துப்போன நான் வேற்றுலகில் உப்பு விற்றுப் பிழைத்தது எப்படி' என்ற தொடர்கதையில் ஒரு பாகம். இந்த மாதிரிக் கதைகளுக்குத் தலைப்பே ஒரு முழு வாக்கியமாக இருக்கும். வாசகர்கள் 'உப்பு' என்று சுருக்கிவிட்டார்கள். லட்சக்கணக்கில் விற்கிறது. இறந்தவருக்குப் பிடித்ததைப் படத்தின் முன் வைப்பது இங்கே வழக்கம். பழமானால் பழம், பீர் பிடிக்குமென்றால் பீர். அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதை பிடித்திருக்கிறது என்று செகினே நினைத்தார். இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு முதல் பாகத்தை வாங்கி, துக்கத்துக்கான வெள்ளைத் தாளில் கடையிலேயே சுற்றித் தரச் சொல்லி, பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

வாசலில் வாங்கிக்கொண்டவர் அந்தப் பெரியவர், ரியோஹெய்யின் தாய்மாமன். அங்கேயே பிரித்தார். முதல் தாள் வண்ணப்படம். சைக்கிளில் ஒரு பையன், அவன்மேல் மோதும் லாரி. கீழே ஒரே வரி: 'லாரி வந்தது. அவ்வளவுதான்.' அடுத்த பக்கத்தில் அந்தப் பையன் வேறொரு உலகத்தில், உப்பளம் ஒன்றில் கண் விழிக்கிறான்.

மாமன் புத்தகத்தை அவர் நெஞ்சில் எறிந்தார். "கொன்னுட்டு, படம் வேற கொண்டு வந்து காட்டறியா?" என்று கத்தினாராம். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பதினான்காம் தேதிக் கதவு அன்று மூடியதுதான்.

தூக்கி எறிந்த புத்தகத்தை வழியிலேயே போட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. படித்தார். அடுத்த பாகத்தை வாங்கினார். அதையும் படித்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்தத் தொடர் நீண்டுகொண்டே போக, இவரும் கூடவே போனார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், சோற்று உருண்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புத்தகத்தை மூக்கருகே பிடித்திருப்பார்.

"செகினே சான், அந்தப் பொடியன் இன்னும் உப்பு வித்து முடிக்கலையா?" என்று ஒருநாள் பந்தோ கேட்டான்; பெயரோடு சேர்க்கும் 'சான்' இங்கே மரியாதைக்கு. டிப்போவுக்குப் புதிதாக வந்தவன், வாய் சும்மா இருக்காது. "பேரன் படிக்க வேண்டியதைத் தாத்தா படிக்கிறாரே!"

"எனக்குப் பேரன் இல்லையே. அதான் நானே படிக்கறேன்."

"நம்ம யூனியன்காரங்க கேஸ் போடணும் செகினே சான். இந்த மாதிரிக் கதை எதை எடுத்தாலும் முதல் பக்கத்துல லாரிதான். வேற்றுலகத்துக்கு டிக்கெட் கிழிச்சுக் கொடுக்கறதே நாமதான்!"

பழைய ஆட்கள் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பந்தோவின் காலை மேசைக்கடியில் மிதித்தார். செகினே பக்கத்தைத் திருப்பினார்.

"ஆமா," என்றார். "டிக்கெட் கிழிச்சவன் என்ன ஆனான்னு எங்கயாவது ஒரு வரி எழுதியிருக்கானான்னு பாக்கறேன். இதுவரைக்கும் இல்ல."

இந்த இலையுதிர்காலத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. 'உப்பு' தொடரின் கடைசிப் பாகம் வெளியாகிறது என்றார்கள். எங்கள் டிப்போவுக்குள் நடக்க இடமில்லாமல் பெட்டிகள் குவிந்தன. அதே வாரம் கியோதாவிலிருந்து செகினேவுக்கு ஒரு போன். ரியோஹெய்யின் தாய், கமோஷிதா ஃபுசாஎ. மாமன் போன மாதக் கடைசியில் இறந்துவிட்டார் என்றும், இந்தப் பதினான்காம் தேதி உள்ளே வரலாம் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

செகினே விற்பனை இயந்திரத்திலிருந்து இரண்டு டின் காப்பி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஒன்றை எனக்கு நீட்டினார்.

"நீங்களும் கூட வர முடியுமா? தனியாப் போக முடியும்னு தோணல."

"வர்றேன் செகினே சான்."

"கடைசிப் பாகத்தை முடிச்சுட்டேன். அதையும் எடுத்துட்டுப் போகலாமா?"

நான் டின்னை மேசையில் வைத்தேன். "ஐயோ, வேண்டாம் செகினே சான். தயவுசெஞ்சு வேண்டாம். ஏதாவது இனிப்பு வாங்கிட்டுப் போவோம். பயறு இனிப்பு. அதுல படம் இருக்காது."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு ஊதுபத்தி. அது மட்டும் ஏத்திட்டாப் போதும். வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்றார்.

பதினான்காம் தேதி மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டு அவர் தோளில் தொங்கியது. அதைத் தைத்த காலத்தில் இன்னும் கொஞ்சம் சதை இருந்திருக்க வேண்டும். கமோஷிதா வீட்டில் மணியை அழுத்திவிட்டு, யாரும் வருவதற்கு முன்பே குனிந்து நின்றார். கதவு உடனே திறந்தது. சிறிய உருவம், நரைத்த குட்டை முடி. ஃபுசாஎ அவரைப் பார்க்காமல் அவருடைய செருப்பைப் பார்த்து, "உள்ள வாங்க" என்றார். என்னையும் பார்த்தார். நான் யார் என்று செகினே சொன்னார். "நீங்களும் வாங்க. வாசல்ல நின்னா அக்கம்பக்கத்துல பேசுவாங்க."

சிறிய அறை. புத்தர் மாடத்தில் ரியோஹெய்யின் படம். அதன் கீழே, பழங்களுக்குப் பக்கத்தில், கடைக்காரர்கள் போட்டுத் தரும் காகித உறையோடு புத்தகங்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. எங்களுக்குப் பழக்கமான கனம், பழக்கமான அளவு. செகினேவுக்கும் புரிந்துவிட்டது. எல்லாம் 'உப்பு' தொடரின் பாகங்கள்.

"அவன் இந்த ஊர்க் கடையில சொல்லி வச்சிருந்தான், புதுசு வந்தா எனக்கு எடுத்து வைங்கன்னு," என்றார் ஃபுசாஎ. "கடைக்காரருக்கு விஷயம் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், 'ரியோஹெய் தம்பி புத்தகம் வந்திருக்கு'ன்னு போன் பண்ணுவார். வேண்டாம்னு சொல்ல எனக்கும் வாய் வரல. வாங்கிட்டு வந்து வைப்பேன்."

அந்தக் கடை செகினேவின் தடத்தில் இருந்தது. தடம் போட்டது நான். அதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"நான் படிக்கல," என்றார் ஃபுசாஎ. "முதல் பக்கத்தைத் தாண்ட முடியல. நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"எதுக்கு?"

செகினே பாயில் மண்டியிட்டிருந்தார். கைகள் தொடைமேல். "லாரி ஓட்டினவன் என்ன ஆனான்னு பாக்க."

"என்ன ஆனான்?"

"அவனைப் பத்தி ஒண்ணும் இல்லங்க."

"அம்மாவைப் பத்தி?"

"கொஞ்சம் இருக்கு. நடுவுல ஒரு பாகத்துல அவன் மிசோ சூப் வைக்கப் பாக்கறான். அங்க அந்தச் சோயா விழுது கிடைக்காது. ஏதோ மொச்சையை ஊற வச்சு, உப்புப் போட்டு, மாசக்கணக்கா மூடி வைக்கறான். கடைசியில குடிச்சுப் பாத்துட்டு, அம்மா வைக்கற மாதிரி இல்லன்னு சொல்லி மீதியைக் கீழ ஊத்திடறான்."

"வீணாக்கறான்," என்றார் ஃபுசாஎ. "எப்பவும் மீதி வைப்பான்."

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு கணம் தடுமாறியது. செகினே தடுமாறவில்லை. "ஆமாங்க" என்றார்.

"அங்க நல்லா சாப்பிடறானா?"

"முதல்ல கஷ்டம். அப்புறம் நல்லா சாப்பிடறான். மீன் நிறைய."

"மீன் பிடிக்காதே அவனுக்கு."

"பழகிட்டான்."

ஃபுசாஎ எழுந்து போய் ஒரு காகித உறையைத் திறந்தார். புதிதாக வந்த கடைசிப் பாகம். அதைப் புரட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல முடிஞ்சிடுதாமே. கடைக்காரர் சொன்னார். இனிமே போன் வராது." பிறகு கேட்டார்: "முடிவுல வீட்டுக்குத் திரும்பி வர்றானா?"

எனக்கும் அந்த முடிவு தெரியும். டிப்போவில் தெரியாதவர்களே இல்லை. திரும்பிப் போகும் கதவு ஒன்று அவன் முன் திறக்கிறது. அவன் அதை மூடிவிட்டு உப்பளத்துக்கு நடக்கிறான். ஃபுசாஎ அதைப் படிக்கப்போவதில்லை. 'வர்றான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த ஊதுபத்தி கிடைத்துவிடும். சொல்லிவிடுங்கள் செகினே சான், சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் நான் கெஞ்சினேன்.

செகினே படத்தைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார்.

"வரலைங்க," என்றார். "அங்கயே இருந்துடறான்."

அவ்வளவுதான், எழுந்து வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அடுப்பில் கெட்டில் சீறத் தொடங்கியது. ஃபுசாஎ எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

"கோயில்காரர் வந்தா, நல்ல இடத்துல பொறந்திருப்பான்னு சொல்லுவார். அண்ணனும் அதையே சொல்லிட்டுச் செத்துப்போனார். இங்கதான் இருக்கான், உன் பக்கத்துலயே இருக்கான்னு அக்கம்பக்கத்துல சொல்லுவாங்க. எல்லாருக்கும் நான் தலையாட்டணும்." கடைசிப் பாகத்தை மற்றவற்றோடு அடுக்கினார். "வரலைன்னு ஒருத்தராவது சொல்லணும்ல. நீங்க சொன்னீங்க."

செகினே நெற்றி பாயில் படக் குனிந்தார்.

"அதெல்லாம் போதும். ஏத்துங்க."

அவர் முழங்காலாலேயே நகர்ந்து மாடத்தின் முன் போனார். மெழுகுவர்த்தியில் ஊதுபத்தியைக் காட்டினார். முதலில் நெருப்பு பிடிக்கவில்லை. மறுபடி காட்டினார். பிடித்தது. வாயால் ஊதக் கூடாது. கையால் விசிறி அணைத்து, சாம்பலில் நட்டு, சிறிய மணியைத் தட்டினார். ஓசை அடங்கிய பிறகும் கைகூப்பியே இருந்தார். அழவில்லை. லாரியை நிறுத்திவிட்டு இன்ஜின் அணைந்ததும் ஸ்டியரிங்மேல் சாய்ந்து கொஞ்சநேரம் சும்மா இருப்பார்களே, அப்படி இருந்தார்.

தேநீர் கொடுத்தார் ஃபுசாஎ. நாங்கள் கொண்டுபோன இனிப்பைப் பிரித்து எங்களுக்கே வைத்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. செகினே கேட்கவும் இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது செகினே வழக்கமாகச் சொல்வதைத் தொடங்கினார்: "அடுத்த மாசம் பதினாலாம் தேதி..."

"வராதீங்க," என்றார் ஃபுசாஎ.

செகினே நிமிர்ந்தார்.

"கோவத்துல சொல்லல. நீங்க வந்து நிக்கறப்பல்லாம் நான் இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன். மாசாமாசம். நீங்க தெருமுனை திரும்பற வரைக்கும். எனக்கும் வயசாச்சு, செகினே சான். காலு வலிக்குது."

"சரிங்க."

"நீங்களும் வீட்டுல இருங்க. தூங்குங்க. முகத்தைப் பாத்தா தூங்கற ஆள் மாதிரி தெரியல."

"சரிங்க."

கதவு மூடியது. செகினே அதன் முன் இடுப்பளவு குனிந்தார். நானும் குனிந்தேன். உள்ளே காலடி மெல்ல நகர்ந்து, நடைவழியில் தேய்ந்து, எங்கோ ஒரு கதவு இழுபட்டு மூடும்வரை அவர் நிமிரவில்லை. அதன் பிறகும் கொஞ்சநேரம் குனிந்தே நின்றார், இனி என்ன செய்வது என்று தெரியாதவரைப்போல.

"போலாம்," என்றார் கடைசியில். "பஸ் போயிடும்."