நான் மாற்றிப் படித்த பக்கம்

அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தைத் தொட்டால் விரலில் எண்ணெய்க் கறை கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும். நெல் ஊறவைக்கும் தொட்டியின் புளித்த நாற்றமும் அதோடு சேர்ந்து, சோற்றில் கை வைக்கும்போது எனக்குக் குமட்டும். வில்லியனூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கடிதம் எழுதுகிறவனாக நான் இருந்த காலம் அது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பிரெஞ்சு படித்தவனுக்கு மரியாதை மிச்சம் இருந்தது, வேலை இல்லை. என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. மில் முதலாளி என்னை வைத்துக்கொண்டதே அந்தப் புத்தகத்தைப் படித்துச் சொல்லத்தான்.

ஒரு பழைய கப்பலிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சினை அவர் ஏலத்தில் எடுத்து மில்லில் பூட்டியிருந்தார். அதை ஓட்டும் முறையைச் சொல்லும் அந்தப் புத்தகமும் கூடவே வந்தது. எஞ்சினின் பக்கவாட்டில் நத்தை ஓடு போல ஒரு இரும்புக் கூடு உண்டு, டர்போ என்பார்கள். எஞ்சின் விடும் புகை அதற்குள் ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். அந்தக் காற்று இருந்தால்தான் மில்லின் எல்லா மெஷின்களும் ஒன்றாக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டவர் குருவிநத்தத்திலிருந்து சைக்கிளில் வரும் மேஸ்திரி. அதிகம் பேசமாட்டார். எஞ்சினைத் தொடும் முன் கையைத் துடைத்துக்கொள்வார், மற்றவர்கள் தொட்ட பிறகுதான் துடைப்பார்கள்.

அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வாசல்வரை அடுக்கியிருந்தபோது டர்போ ஊளையிட ஆரம்பித்தது. கூட்டின் இடுக்கில் எண்ணெய் கசிந்தது. மேஸ்திரி அதைக் கழற்றித் தண்டைத் துணியில் கிடத்தி நகத்தால் வருடிப் பார்த்தார். தேய்ந்த இடத்தில் நகம் தடுக்கி நின்றது. தண்டைத் தாங்கும் புஷ்ஷை மட்டும் புதிதாகக் கடைந்து போடுவதா, டர்போவையே மாற்றுவதா என்பதுதான் கேள்வி. புதியது பிரான்சிலிருந்து வரவேண்டும். இப்போது அது வேறு தேசம், பர்மிட்டுக்கே மாதக்கணக்காகும். அதற்குள் நெல்லெல்லாம் அடுத்த மில்லுக்குப் போய்விடும் என்று முதலாளி பொருமினார். புத்தகம் சொல்கிறபடி செய்வோம் என்றார் மேஸ்திரி.

டர்போவைப் பற்றிய பக்கத்தை நான் முந்தின நாளே முதலாளிக்குப் படித்துச் சொல்லியிருந்தேன். தண்டு தேய்ந்திருந்தால் புஷ் மாற்றிப் பயனில்லை, எண்ணெய் காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போகும், புதியது வரும்வரை டர்போவைக் கழற்றிவிட்டுப் பாதிச் சுமையில் ஓட்டலாம் என்று தெளிவாக இருந்தது. யாருக்கும் ஆபத்தில்லாத வழி. ஆனால் பாதி மெஷின்கள்தான் ஓடும். அதைக் கேட்டதும் முதலாளி வெற்றிலைச் சாற்றை ஜன்னல் கம்பியிலேயே துப்பினார். அது வழிந்து இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புஷ்ஷு மாத்தினா போதும்னு போட்டிருக்குன்னு மேஸ்திரிகிட்ட சொல்லுப்பா. அவனுக்கு இன்னா தெரியப்போவுது?" என்றார். பிறகு, டவுனில் தமக்குத் தெரிந்த வக்கீலிடம் எனக்கொரு வேலைக்குச் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னார்.

மேஸ்திரியின் முன்னால் நின்று அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டி, அதில் இல்லாததைத் தமிழில் படித்தேன். குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. ஒரு இடத்தில் சரியான சொல்லைத் தேடுகிறவன் போல நிறுத்திக்கூடப் படித்தேன். மேஸ்திரி தண்டை ஒருமுறை பார்த்தார், புத்தகத்தை ஒருமுறை பார்த்தார். "எழுதினவன் தெரிஞ்சிதான் எழுதியிருப்பான்" என்று சொல்லிவிட்டு, புஷ் கடைய லேத்துக்குப் போனார்.

புது புஷ்ஷோடு எஞ்சின் எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் காலை, உள்ளே ஏழெட்டுப் பெண்கள் தவிடு அள்ளிக்கொண்டிருந்தபோது எஞ்சினின் சத்தம் திடீரென்று ஏறியது. மேஸ்திரி டீசலை அடைத்தார். அது நிற்கவில்லை. கசிந்த எண்ணெயையே குடித்துக்கொண்டு மேலும் மேலும் வேகம் எடுத்தது. கூரைத் தகடுகள் அதிர்ந்தன, வெள்ளைப் புகை மில்லை நிறைத்தது, ஒரு பெல்ட் அறுந்து சுவரில் அடித்தது. முதலாளி முதல் ஆளாக வெளியே ஓடினார். இரண்டாவது ஆள் நான். மேஸ்திரி பெண்களை வெளியே போகச் சொல்லிக் கத்திவிட்டு, ஈரச் சாக்கொன்றை எடுத்து டர்போ காற்று இழுக்கும் வாய்க்குள் திணித்திருக்கிறார். காற்றில்லாமல் எஞ்சின் திணறி நின்றது. ஆனால் சாக்கோடு அவர் கையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. பெண்கள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மேஸ்திரி புஷ்ஷைச் சரியாகக் கடையவில்லை என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் வீட்டு வேலையும் கிடைத்தது. பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கும் வேலை. முப்பது வருடம் ஜனங்கள் தங்கள் நிலத்தையும் வீட்டையும் பற்றி என் வாயை நம்பிக் கேட்டுப்போனார்கள். அந்தச் சோற்றைத்தான் நானும் என் பிள்ளைகளும் தின்றோம்.

வேலையில் சேருவதற்கு முந்தின வாரம் குருவிநத்தத்துக்குப் போனேன். மேஸ்திரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையில் ஈ மொய்த்தது, இடது கையால் விரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல சமயத்தில் வந்தாய் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை மனைவியிடம் எடுத்துவரச் சொன்னார். பிரெஞ்சில் எழுதியிருந்தது. "இன்னா போட்டிருக்குன்னு பாரு தம்பி. ஊர்ல படிக்க ஆளில்ல" என்று நீட்டினார்.

காகிதத்தை வாங்கினேன். எழுத்துகள் மேல் பார்வை நிற்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே, அன்று புத்தகத்தில் உண்மையில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சொன்னேன். டர்போவைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்ற வரியையும் சொன்னேன். அவர் மனைவி முதலில் என்னையும் பிறகு அவரையும் பார்த்துவிட்டு, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மேஸ்திரி திட்டவில்லை. கட்டின் மேல் மறுபடி வந்து உட்கார்ந்த ஈயை விரட்டினார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில், காகிதத்தைப் படிக்கட்டுமா என்று கேட்டேன். அவர் இடது கையை நீட்டி அதை என் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டார். தொடையில் வைத்து, ஒற்றைக் கையால் மெதுவாக நாலாக மடித்தார்.

"வேணாம்பா" என்றார். "வேற ஆள வச்சிப் படிச்சிக்கறேன்."