அடுப்பில் போவதில் ஒரு பிடி

காலை ஐந்து நாற்பது. அடுப்படிக்குள் நுழைந்ததும் முதலில் கண்டது என் மனைவியின் வலது கை. அரிசிப் பானைக்குள் போய், மூடிய விரல்களோடு வெளியே வந்து, சுவர்த்தட்டில் இருந்த பழைய பால்மா ரின்னுக்கு மேல் விரிந்தது. அரிசி தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு பானையைச் சரித்து மிச்சத்தைச் சுளகில் கொட்டினாள். சுளகின் அடி முழுதாக மறையவில்லை. வீட்டில் இருந்த கடைசி அரிசி அதுதான். அதிலும் ஒரு பிடியை எடுத்துவிட்டுத்தான் உலை வைத்தாள்.

அந்த ஒரு பிடி கோயிலுக்குரியது. எங்கள் சபையில் பெண்கள் சமைக்கும்போதெல்லாம், அரிசியைக் கழுவுவதற்கு முன் ஒரு கை அள்ளி ஒதுக்கி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதைக் கொண்டுவந்து பீடத்தின் முன் உள்ள பெரிய ஓலைப்பெட்டியில் கொட்டுவார்கள். இதற்குப் பிடியரிசி என்று பெயர். சேர்ந்த அரிசியைப் பகிர்ந்து, அந்த வாரம் எந்த வீட்டில் அடுப்பு எரியாதோ அந்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். எந்த வீடு என்று பார்த்துச் சொல்வதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் மாதர் சங்கத்தில் என் மனைவியின் பொறுப்பு. ஞாயிறு சேர்கிற அரிசி புதன்கிழமை வரை எங்கள் அறை மூலையில் ஒரு சாக்கில் இருக்கும்.

நாடே வரிசையில் நின்ற வருடம் அது. எரிவாயு வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. நான் செய்தி அனுப்பிய பத்திரிகை கடதாசி கிடைக்காமல் முதலில் பக்கங்களைக் குறைத்தது. பிறகு பிரதேச நிருபர்களைக் குறைத்தது. கல்முனையிலிருந்து எழுதிய நான் அதில் ஒருவன். அரிசி விஷயத்தில் எங்களுக்கு எப்போதும் பயம் இருந்ததில்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணனை நாங்கள் காக்கா என்போம். அவருக்கு நாவிதன்வெளியில் வயல். ஒவ்வொரு பெரும்போகமும் வெட்டி அடித்ததும் எங்களுக்குத் தேவையான நெல்லை அவர் ஒதுக்கித் தருவார். உரம் இல்லாத அந்தப் போகத்தில் கதிர் வந்தது, உள்ளே மணி வரவில்லை. பதரைத் தூற்றி முடித்தபோது அவர் வீட்டுக்கே போதாது என்றார். சொல்லும்போது வேலிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசி அரிசி முடிந்த அந்தத் திங்கட்கிழமை, மூலையில் கோயில் சாக்கு நிறைந்து நின்றது. மதியம் நான் அதைக் காட்டினேன்.

“அதுல ஒரு கொத்து எடு. பிறகு போடுவம்.”

“அதுல நம்மட பேர் இல்ல.”

“பேர் சொல்லுறது நீதானே?”

“அதுதான் சொல்லல்ல” என்றாள். சாக்கின் வாயை இன்னொரு முறை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

எனக்கு அது விசுவாசமா வீம்பா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருபத்தைந்து வருடமாக மற்றவர்களிடம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். இவளிடம் மட்டும் இரண்டாவது கேள்வி கேட்க எனக்கு வருவதில்லை.

புதன்கிழமை அந்தச் சாக்கை அவளும் இன்னொரு பெண்ணும் துவிச்சக்கரவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். கரைவலை இழுக்கும் மீனவர் ஒருவர் காலில் காயத்தோடு படுத்திருந்தார், அவர் வீட்டுக்கு. திரும்பி வந்து, அந்த வீட்டுக் கைக்குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, விரலைக் கொடுத்தால் கடிக்கிறது என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நாங்கள் இருவரும் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தது குரக்கன் பிட்டு, கேழ்வரகு மாவில் அவித்தது. காரைதீவில் முன்பு அவளோடு படிப்பித்த ஆசிரியை ஒருவர் தன் தோட்டத்துக் குரக்கனை இடித்து ஒரு பை கொடுத்திருந்தார். காலையும் அதுதான், மாலையும் அதுதான். தேங்காய்ப்பூ கிடைத்த நாட்களில் நன்றாகவே இருந்தது.

அந்த மாதங்களில் அவள் முன்னைவிட அதிகமாகப் பாடினாள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். விறகு புகைந்தால் பாட்டு, மின்சாரம் போனால் பாட்டு. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் புத்தகம் பார்க்க வழியில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளை மட்டும் பாடுவது என்று முடிவானது. தெரியாத அடிகளில் நான் வாயை மட்டும் அசைத்தேன். இருட்டில் அது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த இருட்டில், ஆறேழு பெண்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நேரத்தில், பல வாரங்களாக என் நெஞ்சில் இருந்த இறுக்கம் விட்டது. காரணம் தேடிப் பார்த்தேன். வெளியே எதுவும் மாறியிருக்கவில்லை.

எல்லாரும் போனபின் பயமில்லையா என்று அவளிடம் கேட்டேன்.

“பயம் இரிக்கு. பாடக்குள்ள கொஞ்சம் தள்ளி நிக்கும்.”

“நாளைக்கு என்ன செய்யப்போறம்?”

“கர்த்தர் இண்டைக்குரிய சாப்பாட்டத்தான் கேக்கச் சொல்லித் தந்திரிக்கார். நாளையப் பத்தி நான் ஏன் வாய் துறக்க?” என்று சொல்லிவிட்டுப் பாயை உதறினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு இரண்டு சிறு பைகள் கொண்டுவந்தாள். ஒன்றில் திங்கட்கிழமைப் பிடி அரிசி. மற்றதில் என்ன என்று நான் கேட்கவில்லை. முறைப்படி அரிசியைப் பெட்டியில் கொட்டினாள். மற்றப் பையை வாய் கட்டியபடியே அதன்மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து பின் மண்டபத்தில் பெண்கள் பெட்டியைச் சுற்றி அமர்ந்தார்கள். நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டிய பையை முதலில் எடுத்தவர், ஓய்வுபெற்ற மருத்துவத்தாதி ஒருவர். ஊரில் பாதிப் பேரின் பிரசவத்தைப் பார்த்தவர். யாருக்கும் குரலைத் தணிக்காதவர். முடிச்சை அவிழ்த்து உள்ளே கை விட்டார். கபில நிறத்தில் மா ஒட்டிய விரல்களைத் தூக்கிக் காட்டினார்.

“இது ஆர்ர பிடி? அரிசி கேட்டா குரக்கன் மா வந்திரிக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

“என்ட பிடிதான் அக்கா. அடுப்புல போறதுல ஒரு பிடி எண்டுதானே முறை. எங்கட அடுப்புல இப்ப இதுதான் போகுது.”

அவளுக்கு அது வெறும் முறை. சமைப்பதில் ஒரு கை எடுத்தாள், எடுத்ததைக் கொண்டுவந்தாள். அந்த மா எங்கள் பானையைத் திறந்து காட்டிவிடும் என்று அவள் யோசிக்கவே இல்லை. சிரிப்பு நின்றது அவளுக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. புரிந்ததும் முகம் சிவந்து, பையைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினாள். தாதி கொடுக்கவில்லை.

“இந்தக் கிழமை அரிசி இவட வீட்டுக்கு” என்றார்.

மனைவி ஒரேயடியாக மறுத்தாள். கரைவலைக்காரரின் கால் இன்னும் ஆறவில்லை என்றாள். எங்களுக்குக் குரக்கன் இருக்கிறது என்றாள். பொறுப்பில் இருப்பவளே எடுத்துக்கொண்டால் நாலு பேர் என்ன கதைப்பார்கள் என்றாள். எத்தனையோ வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு அரிசியோடு போனவள், தன் வீட்டுக்கு வருகிற அரிசியைக் கண்டதும் பின்வாங்கி நின்றாள். சாக்கு மூலையில் இருந்தபோது நான் பார்த்தது எது என்று அப்போது ஓரளவு விளங்கியது. விசுவாசம், வீம்பு இரண்டும் இருந்திருக்கிறது. அதனால் அவள்மேல் எனக்கு இருந்த அன்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

தாதி அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

“மத்த வீடுகளுக்குக் கொண்டு போய்க் குடுக்கக்குள்ள நீ என்ன சொல்லுவா?”

மனைவி தலையைக் குனிந்துகொண்டு, “கர்த்தர் தந்தார் எண்டு” என்றாள்.

“அப்ப அத நான் உனக்குச் சொல்லட்டா, இல்ல நீயே உனக்குச் சொல்லிக்கிறியா?”

மனைவி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்காமல் வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அரிசியில் பாதி கரைவலைக்காரருக்கு, பாதி எங்களுக்கு என்று தாதி தன் கையாலேயே பிரித்தார்.

சாக்கை வண்டியின் பின்னால் கட்டினேன். பின் ஒழுங்கையால் போவோம் என்றேன். அவள் கேட்காததுபோல் பெரிய தெருவில் இறங்கி நடந்தாள். எங்கள் படலையடியில் பக்கத்து வீட்டுக் காக்கா நின்றிருந்தார். என்ன மூட்டை என்று கேட்டார்.

“அரிசி காக்கா. கோயில்ல தந்தாங்க” என்றாள், குரலைக் குறைக்காமல்.

அவர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். “என்ட வயல் விளைஞ்சிருந்தா இந்த நிலம வந்திருக்குமா புள்ள.”

“அடுத்த போகம் இரிக்குத்தானே.”

“இன்ஷா அல்லாஹ்” என்றார். சாக்கின் மறுபுறத்தைப் பிடித்து இறக்கி, எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பல வீட்டு அரிசி. சம்பா, நாடு, சிவப்புப் பச்சையரிசி எல்லாம் கலந்திருந்தது. பிரிக்க வழியில்லாமல் ஒன்றாகவே உலையில் போட்டாள். மதியம் சோறு இறக்கியபோது சம்பா குழைந்து போயிருந்தது. சிவப்பரிசி நடுவில் வேகாமல் இருந்தது. இருவரும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டோம்.