பூக் கட்டிப் பார்த்தோம்

மகள் ஐந்தாம் வகுப்பில் எழுதிய ஒரு தேர்வுதான் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளி, கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்து ஸ்பெஷல் பேட்ச் நடத்துகிறது. அதில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுபோன எனக்குத் தலைகால் புரியவில்லை. பொன்மலை குவார்ட்டர்ஸில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அவள் அப்பாவுக்கு மனசில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர், அதிர்ந்து பேச மாட்டார்.

“அவ பாட்டுக்கு நாலு பிள்ளைங்களோட சிரிச்சிக்கிட்டு நடந்து போயிட்டு வரா. காலையில ஆறு மணிக்கு வேன்ல ஏத்தி அனுப்பணுமா?” என்றார்.

“அவ மூளையை இங்கயே துருப்பிடிக்க விடச் சொல்றீங்களா?” என்று சீறினேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

ஒரு வாரம் சண்டை. கடைசியில் அம்மனையே கேட்டுவிடலாம் என்றார். அவர் வீட்டில் கல்யாணம், மனை வாங்குவது எல்லாமே பூக் கட்டிப் பார்த்துத்தான். வெள்ளைப் பூ வந்தால் புதுப் பள்ளி, சிவப்பு வந்தால் பழைய பள்ளி. இரண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடிக்கும் வேலை எனக்கு. இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்து மடித்தேன். செவ்வரளியைக் கொல்லையில் வீசினேன். கொஞ்சமும் தயங்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தார். மகள் ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அவள் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் பிரகாரம் சுற்றப் போனதும் மகள் இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பாகிட்ட சொல்லாத” என்றேன். தலையாட்டினாள்.

இப்போது ஏழாம் வகுப்பு. வாராவாரம் பரீட்சை வைத்து, மார்க் வரிசைப்படி பெஞ்சு மாற்றுகிறார்கள். அவள் கடைசி பெஞ்சுக்கு வந்து ஒரு வருஷமாகிறது. நகத்தைச் சதைவரை கடித்து வைத்திருக்கிறாள். தலை வாரினால் சீப்போடு முடி கொத்தாக வருகிறது.

போன வாரம் சாப்பிடும்போது உடைந்து அழுதாள். “என்னால முடியலப்பா. பழைய ஸ்கூலுக்கே போறேன்.”

அவருக்கும் கண் கலங்கிவிட்டது. “என் இஷ்டம்னா இன்னைக்கே மாத்திடுவேன்மா. இது அம்மன் கொடுத்த உத்தரவாச்சே. மீறினா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு” என்று அவள் தலையைத் தடவினார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை தப்பித்துவிடுவாள். அப்புறம் இந்த மனுஷர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான் எனக்கு, வேறொன்றுமில்லை. நான் அவர் தட்டில் ரசம் ஊற்றினேன்.

அதைப் பார்த்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரிப்பா, அங்கயே போறேன்” என்றாள்.